புத்தகங்கள் திண்ணையில் இருக்கின்றன: மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா,

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கென்று ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கிய கதைப் புத்தகங்கள், ஒரு இரும்பு பீரோ, தரையில் விரிக்கும் பாய்கள், இரண்டு கேரம் போர்டு, ஒரு ஸ்பீக்கர், மணிச்சட்டம், உலக உருண்டை, ஒரு லேமினேஷன் மெஷின் எல்லாம் இப்போது என் வீட்டுத் திண்ணையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கின்றன. பள்ளிக்கூடம் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. உள்ளே கொண்டுவந்து வைக்க வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். அவராகச் சொல்லவில்லை, அலுவலகத்தில் அப்படிச் சொன்னார்கள் என்கிறார். என்ன உத்தரவு, என்ன தேதி, என்ன எண் என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் ஒரு தாள் இல்லை. தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் வாயால் சொல்லி, அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவும் வந்ததாம். முன் அனுமதி இல்லாமல் வெளியாரிடமிருந்து எந்தப் பொருளும் வாங்கக் கூடாது. ஊரே சேர்ந்து பள்ளிக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் கல்விச் சீர் ஊர்வலம் எதுவும் வேண்டாம். ஆசிரியர்கள் முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ உதவி கேட்டு எழுதக் கூடாது.

எழுத்தில் வந்தது ஒன்றே ஒன்றுதான். புத்தகம் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதிய எங்கள் டீச்சருக்கு, விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

நான் இந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர். பெரும்பாலும் பெற்றோர்களைக் கொண்ட குழு அது. என் மகளும் மகனும் இங்கேதான் படிக்கிறார்கள். டீச்சர் அரசு ஊழியர், இப்படியொரு மடல் அவரால் எழுத முடியாது. எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் 38 பிள்ளைகள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், இரண்டு அறை. முதல் மூன்று வகுப்பும் ஒரே அறையில் ஒரே டீச்சரிடம். 2022இல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அங்கே பாடம் நடக்கும் விதமே மாறிப்போனது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். ஒரு மூலையில் எழுத்து அட்டையைத் தேடி எடுக்கிறார்கள், இன்னொரு மூலையில் படத்தைப் பார்த்துச் சொல் அமைக்கிறார்கள், நடுவில் பெரிய பிள்ளைகள் கதை படிக்கிறார்கள். நான் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நல்ல முறை. என் மகன் அப்படித்தான் எழுத்துக் கூட்டப் படித்தான். எனக்கு அந்தத் திட்டத்தின்மேல் ஒரு மனக்குறையும் இல்லை.

ஆனால் அந்த முறை முழுக்க முழுக்க அட்டையிலும் படத்திலும் பொம்மையிலும் முகமூடியிலும்தான் ஓடுகிறது. பயிற்சி நூலை அரசு அச்சிட்டுத் தருகிறது. அட்டை? ஒரு செட் எழுத்து அட்டை முப்பது கை பட்டால் எத்தனை நாள் தாங்கும்? அரையாண்டுக்குள் முனை மடங்கி, எச்சில் பட்டு, 'ழ'வும் 'ள'வும் காணாமல் போய்விடும். மறுபடி எழுத வேண்டும், வெட்ட வேண்டும், கிழியாமல் இருக்க லேமினேஷன் போட வேண்டும். சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, பசை, ஏ4 தாள் கட்டு, பிரிண்டர் மை, தேர்வு நேரத்தில் வினாத்தாளைத் தரவிறக்கி எடுக்கும் ஜெராக்ஸ் எல்லாம் சின்னச் சின்னச் செலவு. எந்தத் தலைப்பின் கீழும் சரியாக உட்காராத செலவு. கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் எங்கள் டீச்சர் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. மாதச் சம்பளம் வந்ததும் தீர்க்கிறார். நான் கேட்டதற்கு, "எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தாங்க" என்று சிரித்தார். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் என்பது உங்களுக்கும் தெரியும், ஐயா. நீங்களும் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கட்டி பிடித்தவர்தானே.

அரசு எதுவும் தரவில்லை என்று நான் சொன்னால் அது பொய். பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, சின்னப் பிள்ளைகளுக்குக் கிரேயான், கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு வண்ணப் பென்சில் எல்லாம் வருகிறது. காலையில் சூடாக உப்புமாவோ பொங்கலோ வருகிறது. ஆசிரியர் கையில் கைக்கணினி வந்திருக்கிறது. பிள்ளையின் பைக்குள் இருக்க வேண்டியது பெரும்பாலும் வந்துவிடுகிறது. வகுப்பறை அலமாரிக்குள் இருக்க வேண்டியதுதான் வருவதில்லை.

அதற்குத்தான் மானியம் இருக்கிறதே என்பீர்கள். 38 பிள்ளைகள் இருப்பதால் எங்களுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். பக்கத்து ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் முப்பதுக்கும் குறைவு, அங்கே 10,000. (பிள்ளைகள் குறைந்தால் நோட்டு குறையும், சரி. கதவும் குழாயும் கூரையும் எப்படிக் குறையும் என்று இந்தக் கணக்கைப் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.) அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கென்று ஒதுக்கியாக வேண்டும். மீதியில் பதிவேடு, சுண்ணாம்புக் கட்டி, துடைப்பம், மோட்டார் ரிப்பேர், உடைந்த குழாய், பல்பு, முதலுதவிப் பெட்டி, குடியரசு தினத்துக்கு மிட்டாய். இந்தக் கணக்கை மேலாண்மைக் குழுவில் நாங்களே பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம். தவறாக ஒரு ரூபாய் போகவில்லை, ஆனால் அட்டை வாங்கும் இடத்துக்கு வரும்போது பணம் தீர்ந்துவிடுகிறது. அதுவும் பணம் நேரத்துக்கு வந்தால். 2024-25ஆம் ஆண்டில் பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, பள்ளி மானியம் வருகிற ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம், அதில் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. தில்லியும் சென்னையும் கட்டிப் புரளும்போது சார்ட் அட்டைக்கு யார் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் எங்கள் ஊர் டீச்சரின் பர்ஸில் வந்து நிற்கிறது என்பதைச் சொல்கிறேன்.

இந்த நிலையில்தான் டீச்சர் ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். அவர் எழுதியது என் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையாக வந்த சின்னக் கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் பலமுறை படித்து மனப்பாடமே செய்துவிட்டார்கள், உங்கள் வீட்டில் படித்து முடித்த சிறுவர் கதைப் புத்தகங்கள் இருந்தால் கொடுங்கள், பழையதாக இருந்தாலும் சரி என்று எழுதினார். கீழே ஒரு சின்னப் பட்டியல். பணம் வேண்டாம், பொருளாக மட்டும், மேலாண்மைக் குழு மூலமாகக் கொடுங்கள் என்றும் எழுதியிருந்தார். பிள்ளைகளின் படம் ஒன்றுகூடப் போடவில்லை.

இதற்கு வந்த மெமோவில் துறையின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக எழுதியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இருக்கிற புத்தகத்தையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டார்கள் என்று ஒரு டீச்சர் சொன்னால் அது எந்தத் துறைக்குக் களங்கம்? நான் அந்தத் துறையில் இருந்தால் அந்தச் செய்தியை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.

ஊர் என்ன செய்தது என்பதையும் கேளுங்கள். முதலில் புத்தகம் கொடுத்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர், பேத்தி படித்து வைத்துவிட்டுப் போன ஒரு பை நிறைய. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் ஒரு தம்பி, இதே பள்ளியில் படித்தவர், ஸ்பீக்கர் வாங்கி அனுப்பினார். மகளிர் குழுப் பெண்கள் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்து பீரோ வாங்கினார்கள், புத்தகத்தை எலி கடித்துவிடக் கூடாது என்று. ஒரு கொத்தனார் அண்ணன் தன்னால் பொருள் வாங்க முடியாது என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கரும்பலகைச் சுவரைப் பூசிக் கொடுத்தார். (முன் அனுமதி இல்லாமல் பூசியதுதான். அதைப் பெயர்த்தா எடுப்பது?) அப்புறம் யாரோ சொன்னார்கள், இவ்வளவு சேர்ந்துவிட்டது, தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு கொண்டுபோய்க் கொடுப்போம் என்று.

கல்விச் சீர் எங்கள் ஊர் கண்டுபிடித்ததில்லை. புதுக்கோட்டைப் பக்கம், தஞ்சைப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்று எத்தனையோ ஊர்களில் நடந்து பத்திரிகையில் படத்தோடு வந்திருக்கிறது. கல்யாண வீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருவதுபோல ஊரே பள்ளிக்குச் சீர் கொண்டுபோகும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. அதற்குப் பக்கத்தில் நோட்டு, சுவர்க் கடிகாரம், தண்ணீர்க் குடம். பின்னால் டிராக்டரில் நாற்காலியும் பீரோவும். அப்படிக் கொடுத்த பிறகு அந்தப் பள்ளி ஊருக்குச் சம்பந்தி வீடாகிவிடுகிறது. கொடுத்தவர்கள் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, மின்விசிறி ஓடுகிறதா என்று கேட்கிறார்கள். தன் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றிவிடும் வீட்டார்கூட அன்றைக்கு உள்ளே வந்து வகுப்பறையைப் பார்க்கிறார்கள். சேர்க்கைக்காக மே மாத வெயிலில் ஆசிரியர்கள் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறார்களே, அதைவிட இது அதிகம் செய்யும்.

எங்கள் ஊரில் இதற்குள் ஒரு சண்டையும் நடந்தது, அதை மறைக்கவில்லை. ஊர்வலம் எந்தத் தெருவில் தொடங்குவது என்பதில் வந்தது. கோவில் வாசலில் தொடங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் காலனித் தெருவிலிருந்து வருகிறவர்கள், சீர் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும், இல்லையென்றால் ஊர்வலமே வேண்டாம் என்று மேலாண்மைக் குழுவில் நாங்கள் நின்றோம். இரண்டு கூட்டம் போட்டுப் பேசி ஒத்துக்கொண்டார்கள். ஒரு சங்கத்தார் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி தருகிறோம், எங்கள் தலைவர் படத்தை அதில் ஒட்ட வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டோம். உங்கள் அலுவலகம் எதற்காகப் பயப்படுகிறதோ அதையெல்லாம் நாங்கள் முன்னமே உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டோம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து நோட்டைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கட்சித் துண்டு போட்டு முப்பது படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுவரெல்லாம் கம்பெனி விளம்பரம் எழுதக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளியின் பெயரைச் சொல்லி வசூல் செய்து தின்றவர்களும் இருந்திருப்பார்கள். அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் நிதி திரட்டக் கூடாது என்று நடத்தை விதியில் இருப்பதையும் அறிவேன். இருக்கட்டும். அதற்கெல்லாம் மருந்து விதிமுறை வகுப்பது. கதவைச் சாத்துவதில்லை. கதவைச் சாத்தினால் படம் எடுக்க வருகிறவன் எம்.எல்.ஏ. வீட்டில் சொல்லி எப்படியும் உள்ளே வந்துவிடுவான். வெளியே நிற்கப்போவது தபால்காரரும் மகளிர் குழுவும்தான்.

அனுமதி கேட்டால் தருவோமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். கேட்டோம். தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினார், அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்குப் போனது. எந்தப் படிவம் என்று யாருக்கும் தெரியவில்லை. பொருளின் மதிப்பைக் காட்டப் பில் வேண்டும் என்றார்கள். படித்து முடித்த பழைய புத்தகத்துக்கு எங்கே பில்? கொடுப்பவரின் ஆதார் நகல் வேண்டும் என்றார்கள். ஒரு கேரம் போர்டு கொடுப்பதற்கு ஆதார் நகல் தர எந்தக் கடைக்காரரும் தயாராக இல்லை. கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பருவம் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது, பதில் வரவில்லை. மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தாலாவது மேல்முறையீடு என்று ஒன்றைச் செய்யலாம்.

மேலாண்மைக் குழுப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு கையேடு கொடுத்தீர்கள். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுதாகப் படித்தேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21. குழுவின் வேலைகள் என்று சட்டம் சொல்வதில் ஒன்று, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எந்த வழியிலிருந்தோ வரும் நிதியுதவி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது. வேறு எந்த வழியிலிருந்தும் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஊரிலிருந்து உதவி வரும், வரட்டும், அதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதானே அதன் அர்த்தம்? பிரிவு 22இல் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை நாங்கள்தான் தயாரிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதே சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் கற்றல் கருவிகள், விளையாட்டுப் பொருட்கள், நாளிதழும் கதைப் புத்தகமும் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதைத் தர வேண்டியவர்கள் நீங்கள். ஊர் கொடுக்க வருவதால் உங்கள் பொறுப்பு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கும் கீழே வருகிறேன்.

நாங்கள் போடும் தீர்மானம் ஒவ்வொன்றையும் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏற்றுகிறோம். அது அன்றைக்கே உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். இந்தப் பொருட்களைப் பெறுவது என்ற தீர்மானமும் பட்டியலோடு அதில் இருக்கிறது. 2024இல் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் உறுப்பினராகச் சேர்த்தீர்கள். எதற்காகச் சேர்த்தீர்கள்? பழைய மாணவர்களின் உதவி பள்ளிக்கு வர வேண்டும் என்றுதானே? வந்த உதவி வாசலில் நிற்கிறது.

இன்னொன்று. உங்கள் துறைக்கே இதில் பெரிய வரலாறு இருக்கிறது. 1950களின் இறுதியில் காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் எடுத்தார்கள். அப்புறம் ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். நிலம் வந்தது, கட்டடம் வந்தது, பெஞ்சு, கரும்பலகை, மணி, கடிகாரம் எல்லாம் வந்தது. மதிய உணவுகூட முதலில் ஊர்க்காரர் தந்த அரிசியோடுதான் தொடங்கியது. இயக்குநரே மேடை ஏறிக் கேட்டார், முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். கேட்டதைக் களங்கம் என்று அவர்கள் நினைக்கவில்லை. பட்டியல் எடுத்து, ஊரிடம் கேட்டு, பதிவேட்டில் எழுதி வாங்கினார்கள். எங்கள் டீச்சர் செய்ததும் அதே மூன்று வேலைதான், மைக் இல்லாமல்.

நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் இருக்கிறதே, அதில் போகச் சொல்லலாமே என்று கேட்கக்கூடும். அரசுப் பள்ளிகளுக்கு உதவ நினைப்பவர்கள் இணையதளம் வழியாகக் கொடுப்பதற்காக, 2022 டிசம்பரில் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம். தொடங்கியபோது தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவர், சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதர். நல்ல திட்டம். சுற்றுச்சுவரும் கழிப்பறையும் கணினி அறையும் கட்டித்தர நினைக்கும் நிறுவனங்களுக்கு அது சரியான வழி. ஆனால் தன் பேத்தியின் பழைய புத்தகங்களைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவரும் பெரியவரிடம் இணையதளத்தில் பதியச் சொல்ல முடியாது. பெரிய வழி ஒன்று இருக்கிறது என்பதற்காகச் சின்ன வழியை அடைத்துவிட வேண்டியதில்லை.

கொடுக்கிறவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அவர்களும் இதைப் படிப்பார்கள். அன்பாகத்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் ஜூன் மாதம் வந்தால் பையும் நோட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அரசு தந்த பை ஒன்று, நீங்கள் தந்தது ஒன்று, போன வருடத்தது ஒன்று என்று என் மகளிடம் மூன்று பை இருக்கிறது. அதே வகுப்பில் உட்காரப் பாய் கிழிந்து கிடக்கிறது. இன்னொரு பள்ளிக்கு ஒருவர் பெரிய டிவி கொடுத்தார், மாட்டுவதற்கு அந்த அறையில் பிளக் பாயின்ட் இல்லை. அதற்குக் கம்பி இழுக்க யாரும் பணம் தரவில்லை, கம்பியில் பெயர் எழுத முடியாதல்லவா. டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாய், அட்டை, பசை, பழைய நாளிதழ், பாட்டில் மூடி, புளியங்கொட்டை என்று அவர் கேட்பது அழகாக இருக்காது. வகுப்பில் வேலைக்கு ஆவது அதுதான்.

அலுவலகத்தின் குரல் பதிவுக்குப் பிறகு எங்கள் ஒன்றியத்தில் என்ன ஆனது தெரியுமா, ஐயா? ஆசிரியர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர், பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து நூலகம் வைக்கலாம் என்றிருந்தவர், இப்போது எதற்கு வம்பு என்கிறார். மெமோ வாங்கிய எங்கள் டீச்சர் பாடம் நடத்துவதில் குறை வைக்கவில்லை, ஆனால் ஊர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே போய்விட்டார். சிங்கப்பூர்த் தம்பி, அடுத்த வருடம் என்ன வேண்டும் அக்கா என்று என்னிடம் கேட்கிறார். முதலில் கொடுத்தது எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

எங்கள் மேலாண்மைக் குழு உங்களிடம் கேட்பவை இவை.

முதலாவது, டீச்சருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள். பணம் வாங்காமல், மேலாண்மைக் குழு மூலமாகப் பொருள் கேட்டவரிடம் விளக்கம் கேட்க ஒன்றுமில்லை. அவருடைய பணிப் பதிவேட்டில் இது ஏறியிருந்தால் அதையும் நீக்கி, எழுத்தில் தெரிவியுங்கள்.

அடுத்து, குரல் பதிவில் சொன்னதை ரத்து செய்துவிட்டு எழுத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரு தடவைக்கு 25,000 ரூபாய் மதிப்பு வரையிலான பொருட்களுக்கு மேலாண்மைக் குழுத் தீர்மானமே போதும், செயலியில் ஏற்றினால் அலுவலகத்துக்குத் தெரிவித்ததாக ஆகும் என்று அதில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் அனுமதி கேட்கிறோம். 15 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்வோம் என்றும் எழுதுங்கள். பழைய புத்தகத்துக்குப் பில்லும், கொடுப்பவருக்கு ஆதாரும் கேட்காதீர்கள். பெற்ற பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறும், கொடுத்தவருக்குத் தலைமையாசிரியரும் நானும் கையெழுத்திட்ட ரசீது போகும். ஆய்வுக்கு வரும்போது நீங்கள் எதை வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

அதே சுற்றறிக்கையில் தடையும் எழுதுங்கள், அதில் எங்களுக்கும் சம்மதம்தான். ஆசிரியர் கையில் ரொக்கம் கூடாது. கட்சி, சாதி, கம்பெனி பெயரோ படமோ பொருளில் கூடாது. பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. பள்ளி நேரத்தில் சீர் ஊர்வலம் கூடாது, சனிக்கிழமையோ மாலையோ வைத்துக்கொள்கிறோம். ஊர்வலத்தில் எந்தத் தெருவையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இந்தக் கடைசி வரியை நீங்கள் எழுதினால் எங்களைப் போன்ற குழுக்களுக்குப் பெரிய பலம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் வகுப்பாசிரியர்கள் தங்கள் வகுப்புக்கு வேண்டியதை எழுதிக் குழுவிடம் தர வேண்டும், அந்தப் பட்டியலைக் கிராம சபையில் படிக்க வேண்டும் என்று வழி செய்யுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் படித்தால் போதும். ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டால் ஆசிரியர் யாரிடமும் தனியாகப் போய்க் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

மானியத்தைப் பற்றி நீங்கள் மேலே எழுத வேண்டும். பள்ளி திறக்கும்போது கையில் இருக்க வேண்டிய பணம் ஆண்டின் கடைசியில் வருவதால் பயனில்லை. முப்பது பிள்ளைக்குக் குறைவான பள்ளிகளுக்குப் பத்தாயிரம் போதவில்லை என்பதைப் பள்ளிவாரியான செலவுக் கணக்கோடு இயக்குநரகத்துக்கு அனுப்புங்கள், எங்கள் பள்ளிக் கணக்கை நாங்கள் நாளைக்கே தருகிறோம். ஊர் கொடுப்பது மானியத்துக்கு மேலே சேர்வதாக இருக்க வேண்டும், மானியத்தைக் குறைக்க அது காரணமாகிவிடக் கூடாது. வினாத்தாள் ஜெராக்ஸ் செலவை ஆசிரியர் தலையில் போடுவதையும் இந்தப் பருவத்தோடு நிறுத்துங்கள்.

என் வீட்டில் இருக்கும் பொருட்களுக்கு உடனே அனுமதி வேண்டும். மழைக்காலம் வருகிறது, புத்தகம் நனைந்தால் ஊருக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

எங்கள் குழுவின் அடுத்த கூட்டம் வரும் மாதம். அதற்குள் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். வாய்மொழியாக வந்தால் அதைக் கூட்டத்தில் வைக்க முடியாது. பதில் வராவிட்டால் இதையே தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுப்பது என்று உறுப்பினர்கள் முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி